கோ சொல்லாமல் எழுந்தால் ஃபவுல்

தேன்மொழி வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், காலை பத்தரை மணிக்கு ஒரு விசில் ஊதினாள். அவள் செய்தது அவ்வளவுதான்.

காரிமங்கலத்தை ஒட்டிய ஓர் அணைக்கரையில் இலங்கைத் தமிழர்களுக்கான முகாம் இருக்கிறது. நூற்றுச் சொச்சம் வீடுகள், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு வேப்பமரம், மரத்தடியில் ஓர் அங்கன்வாடி. அந்த அங்கன்வாடிக்குத்தான் அவள் டீச்சர். இரண்டு வயது முதல் ஐந்து வயது வரை இருபத்திரண்டு வாண்டுகள். அவர்களுக்கு முன்னால் ஒரு ரப்பர் பந்தை உருட்டிவிட்டு, "விசில் சத்தம் கேட்டதும் எல்லாரும் ஓடிப் போயி பந்தப் புடிக்கணும், சரியா கண்ணுங்களா?" என்றாள். மூச்சை இழுத்து நீளமாக ஊதினாள்.

பந்து உருண்டுபோய்ச் சாக்கடையில் விழுந்தது. ஒரு குழந்தைகூட அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தனையும் வாசலைத் தாண்டி வீடுகளைப் பார்த்து ஓடின. தேன்மொழி பின்னாலேயே ஓடினாள். வத்தல்மலையில் பிறந்தவள் அவள். பஸ் ஏறாத காலத்தில் மலையிலிருந்து அடிவாரத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஓடியே வந்து படித்தவள். அவள் ஓட ஆரம்பித்தால் அவள் நிழல் அரைமணி கழித்துத்தான் அடிவாரம் வந்து சேரும் என்று மலைக்காரர்கள் சொல்வார்கள். நான் கால்மணி என்றுதான் சொல்வேன், எதற்குப் பொய்? அப்படிப்பட்டவளால் அன்றைக்கு மூன்று வயதுக் குழந்தை ஒன்றைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

நான்கே நிமிடம். நடுத்தெருவில் முகாம் முழுக்க வரிசையில் நின்றது. குடும்ப எண் ஒன்றிலிருந்து கடைசி வரைக்கும். முன்னால் குடும்பத் தலைவர், கையில் அடையாள அட்டை. அவருக்குப் பின்னால் மனைவி. அவளுக்குப் பின்னால் உயரப்படி பிள்ளைகள். ஒருவர் பாதி முகம் சவரம் செய்து பாதி முகம் சோப்பு நுரையோடு நின்றார். ஒரு பெண் கொதிக்கும் குழம்புச் சட்டியைப் பிடிதுணியோடு தூக்கி வந்திருந்தாள். கீழே வைக்க நேரமில்லை. பிரசவித்துப் பதினோரு நாளான ஒருத்தி குழந்தையின் முகம் தெரியும்படி தூக்கிப் பிடித்திருந்தாள். குழம்பு கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

முன்வரிசைப் பெரியவர் ஒருவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார். "ஜீப்பைக் காணேல்லையே. ஆர் பிள்ளை ஊதினது?"

தேன்மொழியின் கழுத்தில் விசில் தொங்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடக் காலத்தில் மாவட்ட அளவில் கோ-கோ ஆடி அவள் பரிசாக வாங்கிய விசில். அதை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். நூற்றுச் சொச்சம் குடும்பங்களின் கண்களும் அந்தக் கையைப் பார்த்தன.

"நாந்தாங்க. பிள்ளைங்க விளையாடட்டும்னு…"

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. குழம்புச் சட்டிக்காரி பெருமூச்சு விட்டாள். பாதிச் சவரக்காரர் மீதிப் பாதிக்குப் போனார். வரிசை கலைந்தது.

அங்கன்வாடியின் சமையல் உதவியாளர் சென்னம்மாள், பக்கத்து ஊர்க்காரி. குழந்தைகளுக்கு ஆயா. அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏம்மா டீச்சரு, எங்க ஊர்ல ஒருக்கா வைக்கப்போரு பத்தி எரிஞ்சுது. அப்பக்கூட இத்தன வெரசா வூட்ட வுட்டு யாரும் வெளிய வரலியே!"

அன்று மத்தியானம்தான் அவள் விவரத்தைச் சொன்னாள். மாதம் ஒருமுறை வருவாய் ஆய்வாளர் ஜீப்பில் வருவார். மைக் எல்லாம் கிடையாது. இறங்கியதும் ஒரே ஒரு நீள விசில். பதிவேட்டில் இருக்கிற தலை ஒவ்வொன்றும் நேரில் நிற்க வேண்டும். நின்ற தலைக்கு டிக். நிற்காத தலை வெட்டு; உதவித்தொகையும் ரேஷனும் அதோடு போச்சு. வெட்டிய பெயரைத் திரும்ப ஏற்றுவதற்குள் பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போய்விடும். இதற்குப் பெயர் செக்கிங்.

தேன்மொழி விசிலைக் கழற்றிப் பருப்பு டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

அது எட்டு வருடத்துக்கு முன்னால் நடந்தது. அதிர்ச்சி அதோடு முடிந்ததா என்றால், இல்லை.

விசில் இல்லாமல் விளையாடட்டும் என்று குழந்தைகளை மரத்தடியில் விட்டாள். "உங்களுக்குப் புடிச்சத விளையாடுங்க" என்றாள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே கீரையை ஆய்ந்தாள். நான்கு வயது அபிஷா ஒரு தேக்கிலையை எடுத்தாள். ஒரு குச்சியை எடுத்தாள். மற்றவர்கள் யாரும் சொல்லாமலே வரிசையில் நின்றார்கள்.

"குடும்ப எண் பன்னெண்டு!"

"இருக்கிறன் சேர்!"

"குடும்ப எண் முப்பது!"

"இருக்கிறன் சேர்! தம்பி காய்ச்சல் சேர்!"

"காய்ச்சலெண்டா தூக்கிக்கொண்டு வரோணும். அடுத்தமுறை வெட்டுவன்."

தேன்மொழியின் கையிலிருந்த கீரைக்கட்டு கீழே விழுந்தது. பூப்பறிக்கிற விளையாட்டு, கண்ணாமூச்சி, நொண்டி என்று உலகத்துப் பிள்ளைகளுக்கு எத்தனையோ இருக்கின்றன. இவர்களுக்குப் பிடித்தது இது. அசையாமல், மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் தட்டாமல், கால்மணி நேரம் நின்றார்கள். அங்கன்வாடிக் குழந்தையைக் கால்மணி நேரம் அசையாமல் நிறுத்தியவர்கள் யாராவது இருந்தால் என்னிடம் வந்து சொல்லுங்கள், நான் அவர்கள் காலில் விழுகிறேன்.

வரிசைக்கு வெளியே, மரத்தின் மறுபக்கம், இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று தனியாக மண்ணில் உட்கார்ந்திருந்தது. டினோஜா. கையில் ஓர் எறும்பை ஏறவிட்டு இறக்கிக்கொண்டிருந்தாள்.

"டினோஜாவ ஏன் சேத்துக்கல?" என்று தேன்மொழி வெளியே வந்து கேட்டாள்.

அபிஷா தேக்கிலையைப் புரட்டிப் பார்த்தாள். முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் பார்த்தாள். "அவட பேர் இதில இல்ல டீச்சர்."

அது விளையாட்டு இல்லை. டினோஜாவின் பெயர் உண்மையிலேயே இல்லை. அவளுக்கு ஒன்றரை வயதில் கடுமையான காய்ச்சல்; அம்மா நிர்மலாதேவி அவளைத் தூக்கிக்கொண்டு தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கு செக்கிங். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டியதில் அம்மாவின் பெயர் தப்பியது. சீட்டில் குழந்தையின் பெயரை எழுதும்போது ஓர் எழுத்து மாறியிருந்தது. அப்போதிருந்த அதிகாரி வேறு. அவர் இது வேறு குழந்தை என்று சொல்லிவிட்டார். நிர்மலாதேவியின் மடியில் இருந்த குழந்தையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். குடும்ப எண் நாற்பத்தொன்றில் டினோஜா வெட்டப்பட்டாள். அதைத் திரும்ப ஏற்ற மூன்று வருடம் ஆனது. அந்த மூன்று வருடமும் செக்கிங் நாளில் முகாம் முழுக்க வரிசையில் நிற்கும்; ஒரு குழந்தை மட்டும் வேப்பமரத்துக்குப் பின்னால் எறும்போடு இருக்கும்.

இதைக் கேட்ட அன்று தேன்மொழிக்குச் சோறு இறங்கவில்லை. சென்னம்மாள்தான் அதட்டினாள். "நீ சாப்பிடாம இருந்தா பேரு ஏறிருமா? தின்னுட்டு யோசி."

தின்றுவிட்டு யோசித்தாள். இந்தப் பிள்ளைகளுக்கு வரிசை தெரியும். அசையாமல் இருக்கத் தெரியும். பெயர் சொல்லும்வரை காத்திருக்கத் தெரியும், சொன்ன நொடியில் துள்ளத் தெரியும். இது எல்லாம் வேண்டிய ஆட்டம் ஒன்று இருக்கிறதே!

மறுநாள் கரித்துண்டால் தரையில் கட்டம் கட்டமாகப் போட்டாள். எட்டுக் கட்டம், ஒரே வரிசை. "இன்னைக்கு யாரும் நிக்க வேணாம். உக்காரணும்" என்றாள். ஒருத்தி இந்தப் பக்கம் பார்த்து, அடுத்தவள் அந்தப் பக்கம் பார்த்து. ஒருத்தி மட்டும் ஓடி எதிர் அணியைத் துரத்துவாள். அவள் வந்து முதுகைத் தொட்டு "கோ" என்றால்தான் எழ வேண்டும். தொட்டவள் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். வேறு யார் கூப்பிட்டாலும் எழக் கூடாது. "நான் கூப்பிட்டாலும் எந்திரிக்கக் கூடாது. கோ சொல்லாம எந்திரிச்சா ஃபவுலு."

முதல் கட்டத்தில் டினோஜாவைத் தூக்கி உட்கார வைத்தாள். அபிஷா தேக்கிலையை எடுக்கப் போனாள். "இலை வேணாம்" என்றாள் தேன்மொழி.

ஆட்டம் பிடித்துக்கொண்டது. பருப்பு டப்பாவிலிருந்து விசில் எப்படி வெளியே வந்தது என்பது தனிக் கதை. முதலில் கதவைச் சாத்திக்கொண்டு, முந்தானைக்குள் வைத்து ஊதினாள். அப்புறம் ஜன்னலைத் திறந்து. அப்புறம் முகாம் பெரியவர்களைக் கூட்டி ஓர் ஒப்பந்தம் செய்தாள். இரண்டு குட்டை விசில் என்றால் விளையாட்டு. யாரும் அசைய வேண்டாம். ஒரு நீள விசில் என்றால் செக்கிங், எல்லாரும் வரலாம். பெரியவர்கள் தலையாட்டினார்கள். ஒரு மாதம் பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுத்தாள். குட்டை ஊதினால் உட்கார், நீளம் ஊதினால் எழு. இந்த ஒப்பந்தத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவள் தலையிலேயே விழப்போகிறது.

வருடங்கள் போயின. பிள்ளைகள் பெரிய பள்ளிக்கூடம் போனார்கள். சாயங்காலம் மட்டும் தேன்மொழியின் கரிக்கட்டத்துக்குத் திரும்பி வந்தார்கள். அணைக்கரை வறண்டால் அங்கே ஆட்டம், தண்ணீர் ஏறினால் தெருவில் ஆட்டம். டினோஜாவுக்கு ஐந்து வயதானபோது பெயர் ஏறியது. ஏறியதும் நிர்மலாதேவி அவளை வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினாள். அவளுக்கு நிற்கவே வரவில்லை. ஒரு காலை மாற்றுவாள், சுற்றிப் பார்ப்பாள், கொட்டாவி விடுவாள். "நேரா நில்லடி, உனக்காக மூண்டு வருசம் அலைஞ்சனான்" என்று அம்மா கிள்ளுவாள்.

இந்த வருடம், பதினான்கு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான கோ-கோ போட்டி. அபிஷா அணித் தலைவி, பன்னிரண்டு வயது. டினோஜாவுக்குப் பத்து, அணியில் சின்னவள். முகாம் பிள்ளைகள் இரண்டு ஆட்டம் ஜெயித்து, காரிமங்கலம் மைதானத்தில் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள். தேதி அறிவிப்புத் தாளில் வந்தது. தேன்மொழி அதைப் படித்தாள். மறுபடி படித்தாள். சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாள். சென்னம்மாளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு தெரியுமில்ல? உன் மூஞ்சியே சொல்லுது. செக்கிங் அன்னைக்கா?"

செக்கிங் அன்றைக்குத்தான். இப்போதெல்லாம் அந்தத் தேதியை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள்.

நிர்மலாதேவி சட்டென்று சொல்லிவிட்டாள். "ஏலாது டீச்சர். விளையாட்டு வரும் போகும். என்ர பிள்ளையின்ர பேர் ஒருக்கா போனது. திரும்பவும் போக விடமாட்டன்." நான்கு வயதில் படகில் வந்தவள். முப்பத்தைந்து வருடமாக வரிசையில் நின்றவள். அவளிடம் என்ன பேசுவது?

"ஒண்ணும் ஆகாது நிர்மலா. பேரு வெட்டறதுன்னா என் பேர வெட்டச் சொல்றேன்."

"உங்கட பேர் எந்தப் பதிவில கிடக்கு டீச்சர், வெட்டுறதுக்கு?"

தேன்மொழிக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நேராகப் பஸ் ஏறி வருவாய் ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போனாள்.

இப்போது இருக்கிற ஆய்வாளர் சென்னப்பன். கெட்டவர் இல்லை. சட்டைப் பையில் மூன்று பேனாவும் ஒரு ரத்த அழுத்த மாத்திரையுமாக இருப்பவர். "டீச்சரம்மா, ஆளப் பாக்காம டிக் போட்டா என் வேல போயிரும். நீங்க வேற எது வேணாலும் கேளுங்க."

"பாக்காம போட வேணாங்க சார். வந்து பாத்துட்டுப் போடுங்க. மைதானமும் உங்க எல்லைக்குள்ளதான இருக்குது?"

சென்னப்பன் மேலே மின்விசிறியைப் பார்த்தார். அது சுற்றவில்லை. "முகாம்ல முடிச்சிட்டு வரணும். பன்னெண்டு ஆவும்."

"ஆவட்டுங்க சார். நூறு வயசு இருப்பீங்க."

"இந்த மாத்திரய வெச்சிக்கிட்டா?" என்றார் அவர். ஆனால் ஒப்புக்கொண்டார். நிர்மலாதேவி முகாமில் தன் டிக்கை வாங்கிக்கொண்டு, அதே ஜீப்பில் மைதானத்துக்கு வந்து, மகளுக்கு டிக் விழுவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நிபந்தனை போட்டாள். அதற்கும் அவர் தலையாட்டினார்.

இறுதி ஆட்டத்தன்று சந்தை நாள். வெள்ளரிப்பிஞ்சு வாங்க வந்த நான், கைதட்டல் சத்தம் கேட்டு மைதானத்துக்குப் போனவள்தான். வெள்ளரிப்பிஞ்சு வாங்கவே இல்லை. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். வேலிமேல் உட்கார்ந்த காக்கை, காலை மாற்றி மாற்றி நின்றது. நடுவர் முருகேஷ், ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியர். ஆட்டம் தொடங்குவதற்கு முன் தேன்மொழி அவரிடம் போய்க் கெஞ்சினாள்.

"சார், தயவு செஞ்சு நீட்டி ஊதாதீங்க. குட்டையா ரெண்டு தடவ ஊதுங்க."

"ஏங்க, நீளமா ஊதுனா என்னா, உங்க புள்ளைங்களுக்குக் காது வலிக்குமா?"

"அதெல்லாமில்லீங்க. எந்திரிச்சு நின்னுக்கும்."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் குட்டையாகவே ஊதினார்.

அந்த ஆட்டத்தை எப்படிச் சொல்வது? எட்டுப் பிள்ளைகள் கட்டத்தில் மாறி மாறித் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கண் இமை அசையவில்லை. எதிரணிப் பெண்கள் அந்த வரிசைக்குள் புகுந்து புகுந்து ஓடினார்கள். அபிஷா துரத்தினாள். "கோ!" தொட்ட நொடியில் உட்கார்ந்திருந்தவள் ஏவிய கல் மாதிரிப் பறந்தாள். பக்கத்தில் நின்ற ஒருவர், "இதுங்கள எந்த ஊரு மண்ணுல செஞ்சாங்க?" என்று கேட்டார். கடைசிச் சுற்று. முகாம் அணிக்கு இன்னும் இரண்டு பேரை அவுட்டாக்கினால் சமம், மூன்று என்றால் வெற்றி. நேரம் மூன்று நிமிடம்.

மைதானத்து வாசலில் ஜீப் நுழைந்தது.

முன் இருக்கையில் நிர்மலாதேவி, மடியில் பதிவேடு. சென்னப்பன் இறங்கினார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. இதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். ஜீப்பிலிருந்து இறங்கினால் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும், பையிலிருந்து வாய்க்குப் போகும். அத்தனை வருடப் பழக்கம்.

ஒரு நீள விசில்.

துரத்திக்கொண்டிருந்த அபிஷா, எதிராளியின் முதுகுக்கு ஒரு சாண் தூரத்தில் கை நீட்டியவள், அப்படியே நின்றாள். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். ஓடி வந்தார்கள். எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில், குடும்ப எண் வரிசைப்படி, கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றார்கள். எட்டுப் பேர். முழங்காலில் ரத்தம், முகத்தில் புழுதி, மூச்சு இரைக்கிறது, உடம்பு அசையவில்லை.

கைதட்டிக்கொண்டிருந்த கைகள் பாதியில் நின்றன. ஓடித் தப்பிக்கொண்டிருந்த எதிரணிப் பெண்கள் யாரிடமிருந்து தப்புவது என்று தெரியாமல் நின்றார்கள். முருகேஷின் வாயிலிருந்து விசில் நழுவிக் கயிற்றில் தொங்கியது. நான் என் வயதுக்கு எத்தனையோ பார்த்திருக்கிறேன். பார்க்காததையும் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறேன். இந்த மாதிரி ஒன்றை நான் கட்டிச் சொன்னதுகூட இல்லை.

தேன்மொழி கோட்டுக்கு வெளியே இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நாந்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றாள். யாரிடம் என்று இல்லை. "குட்ட ஊதுனா உக்காரு, நீளம் ஊதுனா எந்திரின்னு நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."

"சும்மா பொலம்பாத. அங்க பாரு" என்று சென்னம்மாள் அவள் தாடையைப் பிடித்துத் திருப்பினாள்.

காலி வரிசையின் நடுவில், ஐந்தாம் கட்டத்தில், ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கு முதுகைக் காட்டி, எதிர்ப்பக்கம் பார்த்து. ஓடத் தயாராக விரல்களைத் தரையில் ஊன்றி.

நிர்மலாதேவி ஜீப்பிலிருந்து குதித்தாள். "டினோஜா! எழும்படி! பேர் போயிடுமடி!"

அவள் திரும்பவில்லை.

சென்னப்பன் பதிவேட்டைத் திறந்தார். "குடும்ப எண் நாப்பத்தொண்ணு. டினோஜா."

"இருக்கேன் சார்."

"எந்திரிச்சு இங்க வாம்மா."

"கோ சொல்லாம எந்திரிச்சா ஃபவுலு சார்."

சந்தைப் பக்கமிருந்து மாடு கத்துவது கேட்டது. நிர்மலாதேவி தேன்மொழியின் கையைப் பிடித்தாள். நகம் சதையில் இறங்கியது. தேன்மொழி "எந்திரிம்மா" என்று கத்தியிருக்கலாம். வாயைத் திறந்தாள். தான் கூப்பிட்டாலும் எழக்கூடாது என்று எட்டு வருடத்துக்கு முன்னால் சொன்னது தானேதான் என்று அப்போதுதான் நினைவுக்கு வந்ததாம். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

சென்னப்பன் வரிசையில் நின்ற எட்டுப் பேரைப் பார்த்தார். உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். பேனா மூடியைக் கழற்றினார். நிர்மலாதேவியின் நகம் இன்னும் ஆழமாக இறங்கியது. அவர் பேனாவைத் திரும்ப மூடினார்.

"சார்," என்று முருகேஷைக் கேட்டார், "இன்னும் எத்தன நிமிசம் பாக்கி?"

முருகேஷ் கடிகாரத்தைப் பார்த்தார். அதை நிறுத்த அவருக்குத் தோன்றவே இல்லை. "ஒண்ணே முக்கால்."

"அப்ப ஆடட்டும். நான் இருக்கறேன்." ஜீப்பின் நிழலில் பதிவேட்டோடு சாய்ந்தார். எட்டுப் பேரையும் பார்த்து, "என்னாம்மா நிக்கறீங்க? போங்க. நான்தான் தப்பா ஊதிட்டேன்" என்றார்.

அவர்கள் அசையவில்லை. அதிகாரி தப்பாக ஊதினார் என்பதை அவர்கள் கேட்டதே இல்லை. முருகேஷ்தான் விசிலை எடுத்து இரண்டு குட்டையாக ஊதினார். ஓடினார்கள்.

ஒன்றே முக்கால் நிமிடத்தில் ஒருத்தியை அவுட்டாக்கினார்கள். இரண்டாமவளை டினோஜா துரத்தினாள். கம்பத்தைச் சுற்றிப் பாய்ந்து மண்ணில் விழுந்தாள். விரலுக்கும் எதிராளியின் குதிகாலுக்கும் நடுவில் ஒரு வெள்ளரிப்பிஞ்சு அளவு இடைவெளி. நேரம் முடிந்தது. ஒரு புள்ளியில் தோற்றார்கள்.

எழுந்து, புழுதியைத் தட்டாமல், வரிசைக்கு வந்தாள். குடும்ப எண் நாற்பத்தொன்று. ஒரு காலை மாற்றிக்கொண்டே நின்றாள். சென்னப்பன் டிக் போட்டார். நிர்மலாதேவி அந்த டிக்கைக் குனிந்து, மூக்கு படும் அளவுக்குக் கிட்டத்தில் பார்த்தாள். பார்த்து முடித்ததும் மகளுக்கு முதுகில் ஓர் அறை விட்டாள், அதே கையால் கட்டிக்கொண்டாள்.

"தோத்துட்டமே டீச்சர்" என்று அபிஷா அழுதாள்.

"அந்த ஆபீசரு ஊதலன்னா ஜெயிச்சிருப்பீங்க கண்ணு. அடுத்த தடவ வரும்போது விசில புடுங்கி நம்ம பருப்பு டப்பால போட்டுர்றேன்" என்றாள் சென்னம்மாள், சென்னப்பன் காதில் நன்றாக விழும்படி.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அடுத்த மாதச் செக்கிங். ஜீப் வந்தது. சென்னப்பன் இறங்கினார். கை பைக்குப் போயிற்று. பாதி வழியில் நின்றது. விசில் ஊதவில்லை. ஊதாமலே நடுத்தெருவுக்கு நடந்தார். அங்கே போனவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

டினோஜாவும் மற்ற எட்டுப் பேரும் ஏற்கனவே வந்திருந்தார்கள். குடும்ப எண் வரிசைப்படிதான். ஆனால் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி இந்தப் பக்கம், ஒருத்தி அந்தப் பக்கம். வீடுகளிலிருந்து வந்த பெரியவர்கள் பதறிப்போய், "எழும்புங்கோ, எழும்புங்கோ பிள்ளையள்" என்று அதட்டினார்கள். தேன்மொழி அங்கன்வாடி வாசலில் கரண்டியோடு நின்றாள். இதை அவள் சொல்லிக்கொடுக்கவில்லை, சத்தியமாக.

நிர்மலாதேவி நேராக வந்தாள். மகளை எழுப்பப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு டினோஜாவுக்கு அடுத்த இடத்தில், எதிர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். முப்பத்தைந்து வருடத்தில் முதல் தடவையாகச் செக்கிங்கில் உட்கார்ந்தாள். அடையாள அட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் உட்கார்ந்ததைப் பார்த்து, எட்டு வருடத்துக்கு முன் "ஆர் பிள்ளை ஊதினது?" என்று கேட்ட அதே பெரியவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே இறங்கினார். அப்புறம் ஒவ்வொருவராக.

சென்னப்பன் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். ஜீப் ஓட்டுநர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஒன்றில் தொடங்க வேண்டியவர், நேரே "நாப்பத்தொண்ணு" என்றார்.

"இருக்கிறன் சேர்" என்றாள் நிர்மலாதேவி, முதுகைக் காட்டியபடி.

"எந்திரிக்கணுமில்லம்மா?"

பக்கத்திலிருந்து டினோஜாதான், "தொட்டு கோ சொல்லணும் சார்" என்றாள்.

அவர் சுற்றிலும் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. குனிந்தார். பதிவேட்டின் முனையால் நிர்மலாதேவியின் தோளை லேசாகத் தொட்டார்.

"கோ" என்றார்.

நிர்மலாதேவி எழுந்தாள். திரும்பி, அவரை நேருக்கு நேர் பார்த்தாள். அவர் டிக் போட்டுவிட்டு அடுத்தவரிடம் நகரப் போனார்.

"சார்," என்றாள் டினோஜா, "கோ சொன்னவங்க உக்காரணும்."

முகாம் முழுக்க மூச்சை இழுத்தது. தேன்மொழியின் கரண்டி நழுவி விழுந்த சத்தம் அணையின் அந்தக் கரை வரைக்கும் கேட்டது என்று சென்னம்மாள் சொல்கிறாள். அதை மட்டும் நான் நம்பவில்லை.

சென்னப்பன் உட்கார்ந்தார். நாற்பத்தொன்றாம் இடத்தில், மண்ணில், மடியில் பதிவேட்டோடு, எதிர்ப்பக்கம் பார்த்து, யாராவது வந்து தொடும்வரை.